தாமதித்தது யார்?

தியானப் பகுதி: யோவான் 11:1-44



இந்த வாரம் ஓர் அறிக்கையிடுதலோடு உங்கள்முன் வருகிறேன். அது நம் சபை அலுவலகக் கணினியின் கடிகாரத்தைப் பற்றியது. அற்ப காரியம் என்று கடந்துபோகாமல் முடிவுவரை வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

கடந்த ஜனவரி மாதம் அக்கணினியில் விண்டோஸ் புதிதாகப் பதிக்கப்பட்டது. காலை 11 மணிக்கு அதைத் திறந்தேன். திரையின் மூலையில் முந்தின நாள் இரவு 9.30 என்றிருந்தது. நேரத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தேதியையும் மணியையும் கையால் மாற்றினேன். திரையில் 11.00 தோன்றியது. வேலை முடிந்ததென்று எழுந்துவிட்டேன்.

கணினியோ தான் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தது. அதன் நேர மண்டலம் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் பின்தங்கியது. நம்முடையதோ ஐந்தரை மணி நேரம் முந்தியது. இடையே பதின்மூன்றரை மணி நேரம். நான் முள்ளைத் திருத்தினேன், மண்டலத்தைத் திருத்தவில்லை.

அதே வாரத்தில் நம் சபையின் தாயார் ஒருவர் தேனியில் அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டார். இருட்டோடு ஜீப்பேறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய்த் தன் ஒரே மகனைப் படிக்கவைத்தவர் அவர். மகன் துபாயில் இருக்கிறார். சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை 7 மணிக்குக் காணொலியில் கூடி ஜெபிப்போம் என்று அக்கணினியிலிருந்து அழைப்பு அனுப்பினேன்.

மாலையில் நாங்கள் கூடினோம். மகன் வரவில்லை. தொலைபேசியிலும் கிடைக்கவில்லை. கைப்பேசித் திரையையே பார்த்திருந்த அந்தத் தாயார், “மறந்துட்டானோ ஐயா?” என்று கேட்டார். “வேலை அதிகமா இருக்கும்மா” என்றேன். ஆனால் என் ஜெபத்தில் வேறொன்று புறப்பட்டது. பெற்றோரை மறவாத இருதயத்தைப் பிள்ளைகளுக்குத் தாரும் என்று, அந்தத் தாயின் செவி கேட்கவே ஜெபித்தேன். தேவனிடம் பேசுவதுபோல ஒரு மகனை நியாயந்தீர்த்தேன். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டே அவர் இரவைக் கழித்தார்.

மறுநாள் காலை மகனிடமிருந்து செய்தி வந்தது: “ஐயா, ஏழு மணிக்குன்னு போட்டிருந்தீங்க. நான் வந்து உக்காந்திருக்கேன், யாரையும் காணோமே.” அவர் கைப்பேசிக்குப் போன அழைப்பு, துபாய் நேரப்படி மறுநாள் காலை 7 மணியைக் காட்டியிருந்தது. நமக்கு அது காலை 8.30. தாயாரை அப்போதுதான் சிகிச்சை அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். முந்தின மாலை அவர் வேலையில் இருந்திருக்கிறார். காலையில் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து காத்திருந்திருக்கிறார்.

வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் வந்து கணினியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு நான் கற்றது இதுவே: நம் கடிகாரம் பிழைத்திருக்கும்போது, பிழை நம்மிடத்தில் தெரிவதில்லை. பிறரே தாமதித்தவர்களாகத் தோன்றுகிறார்கள்.

பிரியமானவர்களே, ஒரு காலத்தில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வெவ்வேறு நேரம் இருந்தது. 1906 ஜனவரி 1 முதல், கிழக்குத் தீர்க்கரேகை எண்பத்திரண்டரைப் பாகையை அளவாகக் கொண்ட ஒரே நேரம் இந்தியாவுக்கென ஏற்பட்டது. நம் தேனி அதற்கு ஏறத்தாழ ஐந்து பாகை மேற்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், கடிகாரம் பகல் 12 அடித்துச் சராசரியாக இருபது நிமிடம் சென்ற பிறகே நமக்குச் சூரியன் உச்சிக்கு வருகிறது. ஆயினும் நம் சூரியனே சரியென்று நாம் வாதாடுவதில்லை. நமக்கு வெளியே உள்ள ஓர் அளவுக்கு நம்மை ஒப்புக்கொடுக்கிறோம். அதனால்தான் கம்பத்தில் இருப்பவரும் கல்கத்தாவில் இருப்பவரும் ஒரே வேளையில் சந்திக்க முடிகிறது.

நேரத்தில் இதற்கு இசைகிற நாம், தேவனுடைய காரியத்தில் இசைகிறோமா? பெத்தானியாவின் மார்த்தாளையும் மரியாளையும் நினைத்துப் பாருங்கள். லாசரு வியாதியாயிருந்த செய்தி இயேசுவுக்கு எட்டியது. அவரோ இருந்த இடத்திலேயே மேலும் இரண்டு நாள் தங்கினார். அவர் வந்தபோது கல்லறையில் நான்கு நாள் ஆகியிருந்தது. முன்னமே வந்திருக்கலாகாதா என்பதே இரு சகோதரிகளின் கண்ணீரும். யோவானோ, அவர்களிடத்தில் அவர் அன்பாயிருந்தார் என்று எழுதிய கையோடு, ‘ஆகையால்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்தே அந்த இரண்டு நாட்களைச் சொல்லத் தொடங்குகிறார். மறதியினால் அவர் தங்கவில்லை; அந்த இரண்டு நாட்களும் அன்புக்குள்ளேயே இருந்தன. சகோதரிகளின் கடிகாரத்தில் அது தாமதம்.

இன்று உங்கள் வீட்டுக் கணினியைத் திறந்து, செட்டிங்ஸில் தேதி, நேரம் என்ற பகுதியைப் பாருங்கள். முதலாவது நேர மண்டலம்: சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி என்று 5.30-உடன் இருக்கிறதா? அதன் பின்பு தானாகவே சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டை இயக்குங்கள். அணைத்துத் திறக்கும்போதெல்லாம் நேரம் பிசகினால், உள்ளிருக்கும் நாணயம் போன்ற சிறு பேட்டரியை மாற்றவேண்டியிருக்கும். பிள்ளைகள் துபாயில் இருந்தால் அவர்கள் நேரம் ஒன்றரை மணி பின்னே. கத்தாரிலும் குவைத்திலும் இரண்டரை மணி பின்னே. சிங்கப்பூரில் இரண்டரை மணி முன்னே. அதைச் செய்யும்போது, யாரைத் தாமதித்தவர் என்று மனதில் தீர்த்து வைத்திருக்கிறீர்கள் என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

கர்த்தருடைய கிருபையால் அந்தத் தாயார் பிழைத்தெழுந்தார். மூன்றாம் நாள் அவர் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தவற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “எம் புள்ள வந்திருக்கான்ல ஐயா, அது போதும்” என்றார்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் அளவைக் கொண்டு பிறரையும் உம்மையும் தாமதித்தவர்களென்று தீர்த்ததை மன்னியும். வெளித்தோற்றத்தை மட்டும் திருத்தி எழுந்துவிடாதபடி, உள்ளிருக்கும் நிலையை உமது சித்தத்துக்கு இசையப்பண்ணும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.