மாமியின் முட்டிவலியும் மூன்று பிபிஎம் குளோரினும்

கார்கோவில் வந்த பெட்டியைப் பிரித்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதை ரப்பர் படகு என்றுதான் நினைத்தார்கள். காற்றடித்ததும் கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு வட்டத் தொட்டி எழுந்து நின்றது. 900 லிட்டர் பிடிக்கும். கூடவே ஹீட்டர், ஃபில்டர், குமிழி விடும் மோட்டார்.

லப்பைக்குடிக்காட்டில் இதற்கெல்லாம் யாரும் பெரிதாக வாய் பிளக்க மாட்டார்கள். வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கும் இந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போய் உழைப்பவர்கள் ஏராளம். வரும்போது ஆளாளுக்கு ஏதாவது ஒன்று கொண்டுவருவார்கள். இவர் துபாயில் ஒரு வீட்டில் டிரைவர். முதலாளி வீட்டுச் சுடுதண்ணித் தொட்டியைப் பல வருஷம் தள்ளி நின்று பார்த்தவர். முட்டிவலியோடு கிடக்கும் அம்மாவுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நாற்பது நாள் லீவில் அதை முடித்துவிட்டார்.

ஒன்றை மட்டும் அவர் கவனித்ததில்லை. அந்த வீட்டுத் தொட்டிக்கு தினமும் ஒருவர் வந்து ஏதோ மருந்து போட்டுவிட்டுப் போவார்.

ஆறாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த தண்ணி மாதிரி ஆனது. ஏழாம் நாள் சின்ன மகளின் இடுப்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். வேர்க்குரு என்று பவுடர் போட்டார்கள், அடங்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் திட்டக்குடியில் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி: "புள்ளையை எந்தத் தண்ணியில குளிக்க வச்சீங்க?"

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மயிர்க்கால்களுக்குள் புகுந்து செய்யும் வேலை அது. வெதுவெதுப்பான, மருந்தில்லாத தண்ணீர் என்றால் அதற்குக் கொண்டாட்டம். நனைந்த துணி ஒட்டியிருக்கும் இடத்தில்தான் கொப்புளம் அதிகம் வரும். பெரும்பாலும் சில நாளில் தானே ஆறிவிடும். மகளுக்கும் ஆறியது. ஆனால் வீட்டில் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது.

"படிகாரம் போடு" என்றார் அம்மா. படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. டெட்டால் என்றார் மச்சினர். அது கழுவித் துடைக்க. மூன்று பேர் மாறி மாறி இறங்கும் தொட்டியில் ஊற்றினால் நுரையும் தோல் எரிச்சலும்தான் மிஞ்சும். பெரியப்பா ஒருவர், பள்ளிவாசல் ஹவுளில் விடுவதுபோல நாலு மீன் விடச் சொன்னார். 38 டிகிரியில் மீன் குழம்பாகிவிடும் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

துபாயில் நீச்சல்குளப் பராமரிப்பில் இருக்கும் கூட்டாளிக்கு வாய்ஸ் நோட் போனது. பதில் ஒரே சொல்லில் வந்தது. "மச்சான், புரோமின்."

அதற்குக் காரணம் உண்டு. குளோரின் சூட்டில் சீக்கிரம் தீர்ந்துபோகும், புரோமின் நின்று வேலை செய்யும். வாடையும் குறைவு. இன்னொன்று பிஎச். தண்ணீர் காரமாகி பிஎச் 8-ஐத் தொட்டால் குளோரினில் கிருமியைக் கொல்லும் பங்கு கால்வாசியாகச் சுருங்கிவிடும். புரோமினில் அப்போதும் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும். இவர்கள் வீட்டு போர் தண்ணீரைச் சோதித்தால் பட்டை 8-ஐத்தான் காட்டியது. ஆக, கூட்டாளி சொன்னதில் தப்பே இல்லை. ஆன்லைனில் ஆர்டர் போட மொபைலை எடுத்துவிட்டார்.

"ஏங்க, நீங்க போன பிறகு இது தீர்ந்துட்டா நான் எங்க போய் வாங்குறது?" என்றார் மனைவி.

இதற்கு அவரிடம் பதில் இல்லை. புரோமின் மாத்திரை பெரம்பலூர்க் கடைகளில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் விலையும் கூடுதல். பார்சல் ஒரு வாரம் தாமதமானால் அந்த ஒரு வாரமும் மறுபடி கொப்புளத் தண்ணிதான். தொட்டியில் இறங்கப்போவது மாமி, பராமரிக்கப்போவது மனைவி. லீவு முடிந்து விமானம் ஏறப்போகிறவர் மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்ன நியாயம்?

அப்புறம் அவரே தேட ஆரம்பித்தார். பிளீச்சிங் பவுடர் ஊரிலேயே கிடைக்கும், பேரூராட்சித் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுவதும் அதுதான். ஆனால் அதில் சுண்ணாம்பு உண்டு. ஏற்கெனவே உப்புக் கறை படியும் போர் தண்ணீரில் அதுவும் சேர்ந்தால் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு கட்டிக்கொள்ளும். நீச்சல்குளங்களில் மிதக்கவிடும் வெள்ளை மாத்திரை, ட்ரைகுளோர், அமிலத்தன்மை அதிகம். சின்னத் தொட்டியின் ஹீட்டரையும் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும். ஓசோன் கருவி உதவிக்கு நல்லதுதான். ஆனால் ஓசோன் தண்ணீரில் தங்காது, தனியாக அதை நம்பி இறங்க முடியாது. 'கெமிக்கலே இல்லாத உப்புமுறை' என்று விற்கும் கருவியும் கடைசியில் உப்பிலிருந்து குளோரினைத்தான் தயாரிக்கிறது!

கடைசியில் நின்றது டைகுளோர் குருணை. திருச்சியில் நீச்சல்குளச் சாமான் கடையில் வாங்கிவிடலாம். உடனே கரையும், பிஎச்சை அதிகம் அசைக்காது. வெள்ளக் காலத்தில் குடிநீரில் போடச்சொல்லிக் கொடுக்கும் குளோரின் மாத்திரைகளில் பலவும் இதே ரகம். சுடுதண்ணித் தொட்டியில் குறைந்தது 3 பிபிஎம் குளோரின் வேண்டும், பிஎச் 7-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். 900 லிட்டருக்கு அந்த அளவை எட்ட 5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். டைகுளோரிலும் ஒரு குறை உண்டு. போடப் போட சயனூரிக் அமிலம் தண்ணீரில் சேர்ந்துகொண்டே வரும், குளோரினின் வேகம் மந்தமாகும். அதனால் இரண்டு மாதத்துக்குள் தண்ணீரை மாற்றிவிடுவது என்று முடிவு. இரண்டு நாள் மருந்து போடாமல் விட்டு, குளோரின் அடங்கியதும் இறைத்துவிட்டால் போயிற்று.

பழைய தண்ணீரை இறைத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புது ஃபில்டர் போட்டார்கள். மனைவி பாடம் படித்துக்கொண்டார். குருணைக்குத் தனியாக ஒரு காய்ந்த ஸ்பூன். தண்ணீரில்தான் குருணையைப் போட வேண்டும், குருணை மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடோ, பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடோ தப்பித்தவறியும் சேரக் கூடாது. டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

குமிழி மோட்டார்தான் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது. பயப்பட வேண்டியதும் அதற்குத்தான். 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், பார்வைக்கு வைத்திருந்த ஒரு குமிழித் தொட்டியில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகியது. பக்கத்தில் நடந்து போனவர்கள் அதன் சாரலைச் சுவாசித்தே நிமோனியாவில் விழுந்தார்கள். குறைந்தது 32 பேர் இறந்தார்கள். கூட்டாளி இதைச் சொன்ன அன்று இவர் மோட்டார் சுவிட்சைத் தொடவேயில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது என்பதால் டாக்டரைக் கேட்டு 37 டிகிரி, பதினைந்து நிமிஷம் என்று வைத்தார்கள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் காலையில் 4 காட்டும் பட்டை சாயங்காலம் வெள்ளையாக, பூஜ்யமாக நின்றது. குளோரின் வாடை மட்டும் குப்பென்று. "வாடை இருக்கே, மருந்து கூடிப்போச்சு போல" என்றார் மனைவி. உண்மை நேர்மாறானது. வியர்வையோடும் அழுக்கோடும் சேர்ந்து செலவாகிப்போன குளோரின்தான் அப்படி நாறும். மருந்து பற்றவில்லை என்பதற்கு அது அடையாளம். ஆனால் யார் செலவாக்குகிறார்கள்?

இரண்டு நாள் ஒளிந்து நின்று பார்த்ததில் ஆள் சிக்கியது. தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் மாமி இரண்டு முட்டியிலும் சொதசொதவென்று தைலம் தேய்த்துக்கொள்கிறார். "சூட்டுல நல்லா இறங்கும்னு தேய்ச்சேன்மா. தப்பா?"

எண்ணெயைத் தின்று தின்றே குளோரின் தீர்ந்திருக்கிறது. இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், தைலம் ஏறி வந்த பிறகுதான் என்று சட்டம் போடப்பட்டது. மாமி ஒத்துக்கொண்டார், முகம்தான் கொஞ்சம் சுருங்கியது.

லீவு முடிந்து அவர் போய்விட்டார். இப்போது மக்ரிபுக்கு முன்னால் மனைவி பட்டையை நனைத்து, டப்பாவில் இருக்கும் வண்ண அட்டையோடு சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எண்ணையும் குறித்து வைக்கிறார். 3, 4, 3, 3.

போன வெள்ளிக்கிழமை வந்த போட்டோவில் பட்டை வெள்ளையாக இருந்தது. பதறிப்போய் "என்னாச்சு?" என்று கேட்டார். பதில் வாய்ஸ் நோட்டில் வந்தது. பின்னால் அம்மா சிரிக்கும் சத்தமும் கேட்டது.

"மாமி இன்னிக்கு ரெண்டு முட்டிக்கும் மட்டும் இல்லைங்க, முதுகுக்கும் தேய்ச்சிருக்காங்க."