திரும்பவும் ஒரு சொட்டு

அக்காவின் மகள் பிறந்து 10ஆம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கோல். “பிள்ளையைக் கொண்டு வாங்கோ, திரும்ப ரத்தம் எடுக்கோணும்.” அவ்வளவுதான். அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

அடுத்த நாள்தான் மிஸ் விளங்கப்படுத்தினா: பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அட்டைதான் பழுது. இதை அந்தக் கோலிலேயே சொல்லியிருக்கலாம்.

குதிக்காலில் குத்தி எடுக்கும் ரத்தத்தை ஒரு தடித்த வடிதாள் அட்டையில், வட்டத்துக்கு ஒரு சொட்டாக, பின்பக்கம் தெரியும்வரை ஊறவிடுகிறார்கள். காய்ந்ததும் ஐஸ் பெட்டி தேவையில்லை. தபால் உறையில் போட்டே ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். 1960களில் அமெரிக்காவில் ரொபேர்ட் கத்ரி பிறந்த குழந்தைகளுக்கென்று பரவலாக்கிய முறை இது.

ஆய்வுகூடத்தில் அந்தப் பொட்டிலிருந்து 3 மில்லிமீற்றர் அளவில் ஒரு துண்டை வெட்டி, கரைசலில் ஊறவைத்து, ரீ.எஸ்.எச். என்ற புரத ஹோர்மோனை அளப்பார்கள். பிள்ளையின் தைரொயிட் சரியாகச் சுரக்காவிட்டால் அது ஏறி நிற்கும். துண்டுக்குள் ஏறக்குறைய 3 மைக்ரோலீற்றர் ரத்தம் என்பதுதான் கணக்கு. எங்கட அட்டையில் சொட்டுக்கு மேல் சொட்டு வைத்திருந்தார்கள், கணக்குப் பிழைத்துவிட்டது.

கோபம் வந்தது. ஆனால் அந்த அட்டையை வைத்தே ‘நோர்மல்’ என்று எழுதி அனுப்பியிருந்தால்? தைரொயிட் குறைபாடு பிறந்தவுடன் பெரும்பாலும் வெளியே தெரியாது. முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்தால் தினமும் ஒரு சின்னக் குளிசை போதும். பிந்தினால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும், திருப்பி எடுக்கேலாது.

இரண்டாம் அட்டையை மிஸ் வெயில் படாத மேசையில் கிடையாக வைத்தா. 3 மணித்தியாலமாவது காயோணுமாம். “ஹெயார் ட்ரையர் பிடிச்சா கெதியா காயாதோ?” என்று அத்தான் கேட்டார். சூட்டில் புரதம் பழுதாகிவிடும் என்று மிஸ் முறைத்தா. பிள்ளை நல்ல நித்திரை.