ஏவப்படாத ஏவுகணை



மதிப்பீடு என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் புதிய சொல்லன்று. ஆண்டு முழுவதும் மாணவர்களை மதிப்பிடுகிறோம். ஆயினும், ஒரு பொம்மையை மதிப்பிடும் பணி சென்ற மாதம்தான் எனக்கு வாய்த்தது.

என் தம்பி பழம்பொருள்களைச் சேகரிப்பவன். ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படங்களில் பணத்துக்காக ஆள் பிடிக்கும் போபா ஃபெட் என்னும் வேட்டையனின் உருவப் பொம்மையை 150 ரிங்கிட்டுக்கு வாங்கியிருந்தான். உயரம் ஏறத்தாழ 9.5 செண்டிமீட்டர். மூன்றாம் ஆண்டில் பயிலும் அவன் மகன், விளையாடத் தரவேண்டும் என்று அழுதுகொண்டிருந்தான்.

“அக்கா, இது விளையாட்டுச் சாமான் இல்ல. நீங்களே அவனுக்கு எடுத்துச் சொல்லுங்க,” என்றான் தம்பி.

“முதல்ல நான் நல்லாப் பார்க்கிறேன்,” என்றேன்.

சேகரிப்பாளர் பார்க்கும் முறையைத் தம்பியே விளக்கினான். உறை பிரிக்கப்படாத பொம்மைக்கே முதலிடம். பிரித்ததாயின் வண்ணம் உரிந்துள்ளதா, கழுத்து, கை, கால் என ஐந்து மூட்டுகளும் தளராமல் உள்ளனவா, உடன் வந்த துப்பாக்கி இருக்கிறதா என ஆராய்வர். காலின் பின்புறம் 1979 என்று பொறிக்கப்பட்டிருந்தது. அது காப்புரிமை ஆண்டே தவிர, செய்யப்பட்ட ஆண்டன்று. இந்தப் பொம்மையின் தலைக்கவசத்தில் வண்ணம் தேய்ந்திருந்தது. ஒரு கால் ஆடியது. எவனோ ஒரு சிறுவன் ஆசைதீர விளையாடியிருக்கிறான்!

இதன் வரலாறுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் 1979ஆம் ஆண்டில் இப்பொம்மையை அஞ்சல்வழிப் பரிசாக அறிவித்தது. முதுகிலுள்ள ஏவுகணை உண்மையாகவே பாயும் என்றும் விளம்பரம் செய்தது. அக்காலத்தில், வேறொரு விண்வெளிப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஓர் அமெரிக்கச் சிறுவன் இறந்துபோனான். கென்னர் தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது. ஏவுகணை பாயாதவாறு முதுகுப்பையோடு பொருத்தப்பட்ட பொம்மையே குழந்தைகளுக்குச் சென்றது.

பாயும் ஏவுகணை கொண்ட சோதனை மாதிரிகள் சில மட்டும் எஞ்சின. அவற்றுள் ஒன்று 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 525,000 டாலருக்கு ஏலம் போனது. குழந்தைகளின் கைக்குப் போகாததனாலேயே அதற்கு அவ்வளவு விலை! சந்தை அரிய பொருளுக்கு விலை கூறுகிறது. அப்பொருள் அரிதானதோ, குழந்தைகளின் உயிரை எண்ணி எடுக்கப்பட்ட ஒரு முடிவினால். எனக்கு அந்த முடிவே பெருமதிப்புடையதாகத் தோன்றுகிறது.

ஆகவே, விலையை ஒதுக்கிவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்டேன். இது யார் கையில் இருக்கலாம்? அவ்வீட்டில் இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தையும் உண்டு. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்காவில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். அதனுள் முழுமையாக அடங்கும் பாகம் தொண்டையில் சிக்கும் அபாயமுடையது. வீட்டில் கழிவறைத் தாள் சுருளின் உள்ளட்டை இதற்கு உதவும். அது சற்றே அகலமானது. ஆதலால் சோதனை இன்னும் கண்டிப்பாகவே அமையும்.

மருமகனிடம் அட்டையைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். துப்பாக்கி சட்டென்று உள்ளே விழுந்தது. அவன் முகம் மாறியது.

“அத்தை, பாப்பா எதையும் வாயில போட்டுக்குவா,” என்றான்.

துப்பாக்கியைத் தன் தந்தையின் மேசை இழுப்பறையில் அவனே வைத்துப் பூட்டினான். பொம்மையைத் தங்கையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து விளையாடுவதாகவும் ஒப்புக்கொண்டான்.

“மதிப்பு குறைஞ்சிடுமேக்கா,” என்று தயங்கினான் தம்பி. வண்ணம் தேய்ந்த அந்தத் தலைக்கவசத்தை அவனிடம் காட்டினேன். சிறிது நேரம் கழித்துப் பொம்மையை மகனிடம் நீட்டினான்.

பெற்றோர்களே, “தொடாதே” என்று அதட்டினால் அழுகைதான் மிஞ்சும். காரணத்தைக் குழந்தை தானே கண்டறிய வழிசெய்தால் பொறுப்புணர்வு வளரும். உங்கள் வீட்டு விளையாட்டுப் பொருள்களையும் இந்த வார இறுதியில் பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.