ஹக்கிள்பெரி ஃபின்னும் 219 முறை வரும் ஒரு சொல்லும்

அமெரிக்காவில் ஒரு நாவல் சுமார் 140 வருடமாக அடி வாங்கிக்கொண்டே இருக்கிறது. மார்க் ட்வைன் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்'. 1885-ல் அது அங்கே வெளிவந்த கொஞ்ச நாளிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் நூலகம் அதைத் தூக்கி வெளியே போட்டது. இனவெறிதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். கதை கரடுமுரடாக இருக்கிறது, நாகரிகம் இல்லை, குப்பை... இதுதான் புகார். இந்தத் தடையால் இன்னும் 25,000 பிரதிகள் விற்கும் என்று ட்வைன் சந்தோஷப்பட்டாராம். (மார்க்கெட்டிங் பாடத்தில் சேர்க்க வேண்டிய ஆள்!)

இப்போது நடக்கிற சண்டை வேறு. கருப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இந்த நாவலில் 219 முறை வருகிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைக்கலாமா, கூடாதா?

வைக்கலாம் என்பவர்கள் கதையைக் காட்டுவார்கள். குடிகார அப்பாவிடமிருந்து தப்பிய ஹக் என்ற வெள்ளைக்காரப் பையனும், விற்கப்படுவோம் என்று பயந்து ஓடிவந்த ஜிம் என்ற அடிமையும் மிசிசிப்பி ஆற்றில் ஒரே தெப்பத்தில் போகிறார்கள். ஓடிப்போன அடிமையைக் காட்டிக்கொடுக்காதது பாவம் என்றுதான் ஹக்குக்கு ஊர் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஜிம்மின் எஜமானிக்குக் கடிதம்கூட எழுதிவிடுகிறான். பிறகு நரகத்துக்கே போனாலும் பரவாயில்லை என்று கிழித்துப் போடுகிறான். அவன் மனசாட்சி தப்பு என்று சொன்னதுதான் சரி, ஊர் சரி என்று சொன்னதுதான் தப்பு. இதைப் பதினாறு வயதில் புரிந்துகொள்வது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். முப்பது பேர் இருக்கிற வகுப்பில் ஒரே ஒரு கருப்பின மாணவி என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் சத்தமாக வாசிக்கிறார். அந்தச் சொல் வருகிற ஒவ்வொரு முறையும் நான்கு தலைகள் அவள் பக்கம் திரும்புகின்றன. இடைவேளையில் ஒருவன் அதே சொல்லால் அவளைக் கூப்பிடுகிறான். கேட்டால், புத்தகத்தில் இருப்பதைத்தானே சொன்னேன் என்கிறான். ட்வைன் நையாண்டிதான் செய்தார் என்ற விளக்கம் அந்த நிமிடத்தில் அவளுக்கு எந்த உதவியும் செய்யாது. இந்த நாவலை ஆதரிப்பவர்களில் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இது வெறும் கற்பனையும் இல்லை. அரிசோனாவின் டெம்பியில் ஒரு தாய், தன் மகள் படித்த வகுப்பில் இந்த நாவல் கட்டாயமாக்கப்பட்ட பிறகு இனரீதியான துன்புறுத்தல் அதிகமானது என்று வழக்குப் போட்டார். 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: புத்தகத்தை எடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட முடியாது, ஆனால் துன்புறுத்தல் நடப்பது தெரிந்தும் பள்ளி சும்மா இருந்தால் அது பள்ளியின் பொறுப்பு. இந்த விவாதத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் பேசியதாகத் தெரியவில்லை. புத்தகம் வேறு, வகுப்பில் நடப்பது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்றுதானே அர்த்தம்?

குழப்பியவர்கள் நிறையப் பேர். 1982-ல் வர்ஜீனியாவில் எதிர்ப்புக் கிளம்பிய பள்ளியின் பெயரே மார்க் ட்வைன் பள்ளி. 2011-ல் ஆலன் கிரிப்பன் என்ற பேராசிரியர் ஒரு சமரசம் கொண்டுவந்தார். அந்தச் சொல்லுக்குப் பதில் எல்லா இடத்திலும் 'அடிமை' என்று போட்டு நியூசவுத் புக்ஸ் ஒரு பதிப்பு வெளியிட்டது. பள்ளிகள் நாவலையே கைவிடுவதைவிட இது மேல் என்பது அவர் வாதம். நோக்கம் நல்லதுதான், ஆனால் கணக்கு உதைக்கிறது. 'அடிமை' என்பது சட்டம் கொடுத்த நிலைமை, விடுதலைப் பத்திரம் வந்தால் போய்விடும். வசைச்சொல் அப்படிப் போகாது. கதையின் முடிவில் ஜிம் ஏற்கெனவே விடுதலை ஆனவன் என்று தெரியவருகிறது. அதற்குப் பிறகும் அவனை மட்டமாக நடத்துகிறவர்களை எந்தச் சொல்லை மாற்றி மறைப்பது?

டோனி மாரிசன் 1996-ல் வந்த ஒரு பதிப்புக்கு முன்னுரை எழுதினார். முதலில் படித்தபோது தனக்கு ஏற்பட்ட பயத்தை அதில் மறைக்கவில்லை. ஆனாலும் நீக்குவது பெரியவர்களைச் சமாதானப்படுத்தவே தவிர, பிள்ளைகளுக்குக் கற்பிக்க அல்ல என்பது அவர் கட்சி. நோபல் பரிசு வாங்கிய ஒரு கருப்பின எழுத்தாளர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறபோது, பள்ளி நிர்வாகங்களுக்கு மட்டும் ஏன் அது கஷ்டமாக இருக்கிறது?

2018-ல் மினசோட்டாவின் டுலூத் பள்ளிகள் இதையும் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலையும் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்தன. நூலகத்திலிருந்து எடுக்கவில்லை. இது தடை என்று கத்தியவர்கள் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். கட்டாயம் என்பது வேறு, கிடைப்பது என்பது வேறு. பதினொன்றாம் வகுப்புக்கு மேல், சத்தமாக வாசிக்காமல், அந்தச் சொல்லின் வரலாற்றை முதல் நாளே பேசத் துணிந்த ஆசிரியர் இருந்தால் வைக்கட்டும். அப்படிப்பட்ட ஆசிரியர் இல்லாத பள்ளியில் நூலகமே போதும்.

2024-ல் இன்னொரு வழியும் திறந்தது. பெர்சிவல் எவரெட் அதே கதையை ஜிம்மின் வாயால் சொல்லி 'ஜேம்ஸ்' என்ற நாவல் எழுதினார். 2025-ல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. இதில் ஜிம்மின் கொச்சைப் பேச்சு ஒரு வேஷம். வெள்ளைக்காரர்கள் முன்னால் எப்படித் தப்பும் தவறுமாகப் பேச வேண்டும் என்று அவன் குழந்தைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறான், உயிர் பிழைப்பதற்காக. பழைய நாவலில் ஜிம்மின் பேச்சைக் கேட்டுச் சிரித்த வகுப்பு, அடுத்த வாரம் இந்தக் காட்சியைப் படிக்கட்டும்.