ராத்திரி ரெண்டு மணிக்கு யார் இருப்பாங்க?

என் மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் 14.7.2018 என்று தேதி போட்டு, கீழே 'நச்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா?' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம்கூட முழுதாகத் தெரியாது.

அப்போது எனக்குப் பதின்மூன்றாவது வாரம். இரட்டைக் குழந்தைகள் என்று ஜூன் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. ஜூலையில் இன்னொரு ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டில் இரண்டு குழந்தைகளின் நீளம், இரண்டு இதயத் துடிப்பு, கீழே 'இயல்பு' என்று ஒரு வார்த்தை. அதைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். எந்த ஆஸ்பத்திரி என்பதும் அப்படித்தான். "நீ பொறந்ததே அந்தம்மா கையிலதான் பாப்பா. வேற எங்க போவ?" என்றார் அம்மா.

அந்த டாக்டரம்மாவுக்கு அப்போது எழுபதை ஒட்டி வயது. பத்துப் படுக்கை உள்ள சின்ன நர்சிங் ஹோம். ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"நச்சுக்கொடி ஒண்ணா, ரெண்டான்னு இதுல எழுதவே இல்லையே. பதினாலு வாரத்துக்குள்ள இதைத் தெளிவாப் பாத்துடணும். அப்புறம் பிரிச்சுச் சொல்றது கஷ்டம். ஊருக்குப் போனதும் வேற இடத்துல எடு."

பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "இவளைப் பொறக்க வச்சது நான்தான். அதுக்காக இவ புள்ளைங்களையும் நான்தான் பாக்கணும்னு இல்ல. ஆபரேஷன் நான் பண்ணிடுவேன். ஒன்றரைக் கிலோவுல ரெண்டு புள்ளைங்க ஒரே நேரத்துல வெளிய வந்தா, வச்சுப் பாக்க இங்க எதுவும் இல்ல. புள்ளைங்களை வண்டியில ஏத்தித் தஞ்சாவூருக்கு அனுப்பணும், இவ இங்க கிடக்கணும். அதுக்கு வயித்துக்குள்ள இருக்கும்போதே அனுப்பிடலாம். அம்மா வயித்தைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா பேசவே இல்லை. இருபத்தேழு வருஷ நம்பிக்கையை ஒரு டாக்டர் தானே முன்வந்து திருப்பிக் கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கும் அன்றைக்குக் கைவிடப்பட்ட மாதிரிதான் இருந்தது.

மூன்று நாள் கழித்துத் தஞ்சாவூரில் மறு ஸ்கேன். அங்கிருந்த டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு குழந்தைகளுக்கு நடுவே மெல்லிய ஒரு சுவர். அது நச்சுக்கொடியைத் தொடும் இடத்தில் முக்கோணமாகத் தடித்து, கிரேக்க எழுத்து லாம்டா மாதிரி இருந்தால் நச்சுக்கொடி இரண்டு. ஆங்கில 'டி' மாதிரி நேராக வந்து முட்டினால் ஒன்று. என்னுடையது 'டி'. பனிக்குடம் இரண்டு, நச்சுக்கொடி ஒன்று.

ஒரே நச்சுக்கொடி என்றால் உள்ளே இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். இப்படிப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை, ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும் நிலை வரலாம். கொடுக்கிற குழந்தை காய்ந்துபோகும். வாங்குகிற குழந்தைக்குப் பனிக்குட நீர் பெருகி, இதயம் திணறும். அதனால் பதினாறாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். முற்றிவிட்டால் கருப்பைக்குள் மெல்லிய குழாயை விட்டு, இணைப்புக் குழாய்களை லேசரால் அடைக்க வேண்டும். நீரை மட்டும் உறிஞ்சி எடுப்பதைவிட அதுவே மேல் என்று 2004ல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. அந்தச் சிகிச்சை வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றார் டாக்டர்.

இதை அப்பாவுக்குப் போனில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த வருஷம் ஜூலை 19ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். அணை நிரம்பி வழிந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது உடைந்து விழுந்தன. மறுநாள் அப்பாவிடம் பேசும்போது ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கொள்ளிடத்துக்கும் நமக்கும் மாதிரிங்குற. ஒரு பக்கம் காயுது, ஒரு பக்கம் மதகே உடையுது. சரி, பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் தவறாம பாத்துக்க" என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சீக்கிரம் எனக்குப் புரியவைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நோட்டு நிரம்ப ஆரம்பித்தது. டாக்டரம்மா சொன்னதை வைத்து ஐந்து கேள்விகள் எழுதினேன்.

ஒன்று: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை டாக்டர் ஆஸ்பத்திரிக்குள் இருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா? இரண்டு: மயக்க டாக்டர்? மூன்று: ரத்தம் உள்ளேயே இருக்குமா, யாராவது பைக்கில் ஓட வேண்டுமா? (இரட்டைப் பிரசவத்தில் கருப்பை அதிகமாக விரிந்திருப்பதால் சுருங்கத் தாமதமாகும், ரத்தப்போக்குக்கு வாய்ப்பு அதிகம்.) நான்கு: எவ்வளவு குறைந்த எடையுள்ள குழந்தைவரை இங்கேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்? ஐந்து: குழந்தைகள் உள்ளே இருக்கும்போது நான் எங்கே இருப்பேன்?

நானும் அவரும் மூன்று தனியார் மருத்துவமனைகளுக்குப் போனோம். ஓரிடத்தில் பளபளப்பான கண்ணாடிக் கதவில் 'பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று எழுதியிருந்தது. முதல் கேள்வியைக் கேட்டேன். "கால் பண்ணா இருபது நிமிஷத்துல வந்துடுவாங்க மேடம்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். மூச்சு விடாத குழந்தைக்கு இருபது நிமிஷம் என்றால் என்னவென்று அந்தப் பெண்ணிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? இன்னொரு இடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஐந்து கேள்விக்கும் நேரான பதில் கிடைத்தது. ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம். எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், நான் தனியார் பள்ளியில் டீச்சர். வெளியே வந்து டீக்கடையில் நின்று ஆளுக்கொரு கணக்குப் போட்டோம். இரண்டு பேரும் தொகையைச் சொல்லிக்கொள்ளவில்லை.

மிச்சமிருந்தது ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. மராத்திய அரச குடும்பம் நிலம் தர, டெல்டாவின் மிராசுதார்கள் பணம் தர, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. இன்றைக்குத் தஞ்சை மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு, குழந்தைகள் பிரிவுகள் அங்கேதான். மிராசுதார்களின் வயலில் நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் அங்கே பிறக்கிறார்கள். மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் தனியாருக்குப் போகிறார்கள். நாங்கள் இரண்டுக்கும் நடுவே, போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசுகிற வர்க்கம்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயா? ஊர்ல என்ன சொல்வாங்க?" என்றார் அத்தை. "லோன் போட்டாவது பிரைவேட்ல பாருங்க சார்" என்றார்கள் அவருடைய அலுவலகத்தில். எனக்கும் பயம் இருந்தது. என் நாத்தனார் வேறொரு ஊர் அரசு மருத்துவமனையில் வலியில் கத்தியபோது வாங்கிய வசவை என்னிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதை நோட்டில் எழுதவில்லையே தவிர, அது ஆறாவது கேள்வியாக மனதுக்குள் இருந்தது.

முடிவை எளிதாக்கியவர் எங்கள் பகுதி நர்சம்மா. பிக்மி எண் பதிவுசெய்து கொடுத்தவர், முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை 18,000 ரூபாய்க்குப் பாரம் எழுதியவர். என் நோட்டை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் வேணும்னா, எல்லா ஆஸ்பத்திரியும் முடியாதுன்னு சொன்ன கேஸ் கடைசியில எங்க வந்து இறங்குதுன்னு பாருங்க. கடைசியில போற எடத்துக்கு மொதல்லயே போயிடுங்களேன்."

மறுநாள் ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெண் ஒரத்தநாட்டுப் பக்கம். விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்தாள். "உங்களுக்கு வீடு இங்கயேவாக்கா? கொடுத்து வச்சவங்க" என்றாள். இரண்டு மாதமாக நான் ஆஸ்பத்திரியைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருப்பதும் ஒரு தகுதி என்று அப்போதுதான் உறைத்தது.

வளைகாப்பு நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசியிலேயே நடந்தது. சம்பிரதாயப்படி அன்றே என்னை ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். அம்மா ஒற்றைக்காலில் நின்றார். "பத்தே நாள்டி. பத்து நாள் இருந்துட்டு வந்துடு. அப்புறம் ஒங்க பெரியாஸ்பத்திரிக்கே போ." நான் அழுதேன். அவர் அழுதார். கடைசியில் அத்தைதான், யாரும் எதிர்பார்க்காதபடி, "சம்பந்தி, நீங்க இங்க இருங்களேன். பொண்ணு எங்க இருக்காளோ அதுதானே அம்மா வீடு" என்றார். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் பூஜித்த விளக்கெண்ணெய்ப் புட்டியை அம்மா கையில் கொடுத்தார். எனக்கு அந்த எண்ணெயில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் தினமும் ராத்திரி அம்மா வயிற்றில் தடவும்போது உள்ளே இரண்டு பேரும் அசைவார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையைக் கடந்தது. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று போன வழியெல்லாம் சாய்த்துக்கொண்டு போனது. தஞ்சாவூரில் எங்களுக்குக் காற்றும் மழையும் மின்வெட்டும்தான். அப்பாவின் போன் மூன்று நாள் போகவில்லை. அம்மா கூடத்தில் உட்கார்ந்து அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். "ஓடு பறந்துருச்சு. தென்னை நாப்பதும் போச்சு. நான் நல்லாருக்கேன். ரோட்டுல மரத்தை அறுத்துத்தான் வழி விடறாங்க. புள்ள எப்படி இருக்கு?"

எங்கள் தெருவிலேயே எட்டு மாத கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். அன்றிரவு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். நல்லவேளை, அவளுக்கு அந்த வாரம் வலி வரவில்லை. புயல் வரும் என்று தெரிந்து நான் தஞ்சாவூரில் இருந்துவிடவில்லை. அந்தப் பத்து நாளில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வரும்.

டிசம்பர் 3ஆம் தேதி ஸ்கேனில் சின்னவளின் வளர்ச்சி பின்தங்கியிருந்தது. தொப்புள்கொடியில் ரத்த ஓட்டமும் குறைந்திருந்தது. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்காக டெக்சாமெத்தசோன் ஊசி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. 5ஆம் தேதி அறுவைசிகிச்சை. முப்பத்து மூன்று வாரம் முடிந்து மூன்று நாள். மூத்தவள் 1,820 கிராம். இளையவள் 1,340. நிறைய ரத்தம் போனது, ஒரு யூனிட் ஏற்றினார்கள். யாரும் பைக்கில் ஓடவில்லை. இளையவளுக்கு மூச்சுத் திணறல். மூக்கு வழியாக அழுத்தத்தில் காற்று செலுத்தும் சிபாப் கருவியில் நான்கு நாள்.

அவள் பிறந்து அழாமல் இருந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு போனவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பச்சை உடுப்பும் முதுகும்தான் தெரிந்தன. குழந்தை டாக்டர் அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். நோட்டின் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.

தையலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்துபோய்ப் பால் பீய்ச்சிக் கொடுப்பேன். குழந்தைக்கு உறிஞ்சத் தெரியாது, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அட, நம்ம சங்கு மாதிரியே இருக்கு" என்றார். அங்கே வந்தபின் அவர் முதல்முறை சிரித்தது அப்போதுதான். பிறகு கங்காரு முறை: குழந்தையை வெறும் மார்போடு கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சாய்ந்திருப்பது. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய வழக்கம் அது. நான் களைத்துப்போனபோது அம்மா தன் ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டு இளையவளை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டார். கடைமடையிலிருந்து வந்த அம்மா, பொகோட்டா பற்றி ஒன்றும் தெரியாமல், இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மூத்தவள் 11 நாள், இளையவள் 24 நாள். கடைசி நாள் அவர் டீக்கடைக் கணக்கை மறுபடி போட்டார். முப்பத்தைந்து நாள், பன்னிரண்டாயிரம் வீதம் நான்கு லட்சத்து இருபதாயிரம். நாங்கள் கொடுக்காத பணம். அதே மாதம் அப்பாவின் தென்னை நாற்பதும் வேரோடு கிடந்தன.

இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். தெரிந்தவர்களுக்கு இரட்டை என்றால் எனக்குப் போன் வரும். "எந்த ஆஸ்பத்திரி நல்லது?" என்பார்கள். நான் பெயர் சொல்வதில்லை. நோட்டை எடுத்து, முதல் பக்கத்துக் கேள்வியையும் அடுத்த ஐந்தையும் படிக்கிறேன். கூடவே ஆறாவதாக, அப்பா இளையவளைப் பார்க்க முதல்முறை வந்தபோது என் நோட்டைப் புரட்டிவிட்டுத் தன் கையெழுத்தில் எழுதியதையும் படிக்கிறேன்.

'மழையில் எவ்வளவு நேரம் ஆகும்?'