யாரோ ஒருவரின் எலும்பு

எடப்பாடியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு, அம்மாவின் பல்வலி ஒருபோதும் பெரிய செய்தியாக இருந்ததில்லை. கீழ்க் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய பிறகு பத்தாண்டுகள் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டாள். பல் இல்லாத இடத்தில் தாடையெலும்பு வேலையற்றுத் தேய்ந்துபோகும் என்பதை, சேலத்து மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டியபோதுதான் அறிந்தோம். செயற்கைப் பல்லுக்கான டைட்டானியம் திருகை நட அங்கே எலும்பு போதவில்லை. தானமாகப் பெற்ற மனித எலும்பின் தூளை வைத்துத் தாடையை வளர்க்கலாம் என்றார்.

“யாரோட எலும்புங்க?” என்றாள் அம்மா.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இதற்கென்றே திசு வங்கிகள் உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988இல் ஒன்றைத் தொடங்கினார்கள். கொடையெலும்பின் கொழுப்பையும் உயிரணுக்களையும் கழுவி நீக்கி, உறையவைத்து உலர்த்தி, காமாக் கதிர்களால் கிருமி நீக்குவார்கள். அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல் நிற்க, உடல் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தன் எலும்பை அங்கே வளர்த்துக்கொள்ளும். கொடுத்தவரின் பெயர் மட்டும் சொல்லப்படாது.

திரும்பும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. அப்பாவின் எலும்புகளைப் பொறுக்கி, பால் தெளித்து, பவானி கூடுதுறையில் கரைத்தவர்கள் நாங்கள். ஒரு துண்டும் மிஞ்சக் கூடாதென்று சாம்பலைக் கிளறிக் கிளறித் தேடினோம். ஆற்றில் சேராத எலும்பு உயிரை அலையவிடும் என்பது அவள் நம்பிக்கை. அதை எளிதில் தள்ள எங்களால் முடியவில்லை. அன்று காலை நாங்களும்தானே தேடினோம்?

மூன்றாம் நாள் அவளே கேட்டாள்: “அவங்க ஊட்டுல சம்மதிச்சுத்தான குடுத்தாங்க?”

ஆமாம் என்றோம்.

“அப்பறம் என்ன?”

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் அந்தப் பள்ளம் வெண்மையாய் நிரம்பியிருந்தது. திருகும் பல்லும் அதன்பின் வந்தன. இப்போது வறுத்த நிலக்கடலையை இருபுறமும் மென்று தின்கிறாள். அப்படித் தின்றுகொண்டிருக்கையில்தான் ஒருநாள் சொன்னாள்: “என்னோடதையும் குடுத்துருங்க சாமி.”

1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011இல் திசுக்களும் சேர்க்கப்பட்டன. இதயம் நின்ற சில மணி நேரத்துக்குள்ளும் எலும்பை எடுக்கலாம். அதற்கு மூளைச்சாவுதான் நேர வேண்டும் என்பதில்லை. இவையெல்லாம் எங்களுக்குத் தெரியும். கையெழுத்திட வேண்டியவர்களும் நாங்கள்தாம்.

இன்னும் பதில் சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளச் சொன்னபோது எங்களிடம் எத்தனையோ காரணங்கள் இருந்தன. கொடுக்கச் சொல்லும்போது கூடுதுறைதான் நினைவுக்கு வருகிறது.