முள் அரைக் கிலோவில் நின்றது

ஜூன் 4, அக்கரைப்பேட்டை

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள். ஏப்ரலில் கரையேற்றிய படகை நேற்றுத்தான் தண்ணீரில் இறக்கினோம். இன்று காலை கடுவையாற்றில் கயிறு அவிழ்க்காமலே இன்ஜினை ஓடவிட்டேன். எடுத்த எடுப்பில் ஆயில் பிரஷர் நாலு கிலோ. முக்கால் மணி நேரம் ஓடித் தண்ணீர்ச் சூடு 80 டிகிரியைத் தொட்டதும், ஐடிலில் முள் அரைக் கிலோவுக்கு வந்து நின்றுவிட்டது. 1,500 சுற்றுக்கு ஏற்றியும் ஒண்ணே முக்காலைத் தாண்டவில்லை.

கேபின் கதவின் உட்புறம் மார்ச் மாதக் கணக்கைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறேன். சூட்டில் ஐடில் 1.2, 1,500 சுற்றில் 3.6. அது மட்டும் இல்லையென்றால் பழைய இன்ஜின் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பேன். உடனே நிறுத்தினேன்.

ஜூன் 5

பக்கத்துப் படகு அண்ணன் வந்து பார்த்தார். “கெட்டி ஆயிலா ஊத்திடு தம்பி, முள்ளு தானா ஏறிடும்.” ஏறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முள்ளை ஏற்றுவதா என் வேலை?

ஆயில் பம்ப் தானாகப் பிரஷரை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம் என்கிற சந்து. அதற்குள் ஆயில் நெருக்கிக்கொண்டு நுழைவதால்தான் பிரஷர் எழுகிறது. பேரிங் தேய்ந்து சந்து அகன்றால் ஆயில் சுலபமாக வழிந்துவிடும், முள் இறங்கும். கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறும். தேய்மானம் அப்படியே இருக்கும். விடியற்காலை ஸ்டார்ட் செய்யும்போது கடைசிப் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரவும் தாமதமாகும். நடுக்கடலில் மடிவலை இறங்கிக் கிடக்கும் நேரத்தில் பேரிங் பிடித்துக்கொண்டால் எட்டுப் பேர் என்ன ஆவது? என் படகில் அதை ஊற்றமாட்டேன்.

ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். அளவு கோட்டிலேயே இருக்கிறது. டீசல் கலந்தால் அளவு ஏறியிருக்கும், விரலில் தேய்த்தால் வாடை தெரியும். தண்ணீர் புகுந்தால் பால் ஊற்றின டீ மாதிரி வெளுத்துவிடும். இரண்டும் இல்லை.

ஜூன் 6

மேஸ்திரி வந்தார். “முதல்ல முள்ளு பொய் சொல்லுதான்னு பாப்போம் மாப்ளே” என்றபடி, பேனல் முள்ளுக்குப் பிரஷரைச் சொல்லும் சென்டரைக் கழற்றினார். அதன் முனையில் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சை பூத்திருந்தது. அந்தத் துளையில் தன்னுடைய நேரடி கேஜைச் செப்புக்குழாயோடு முடுக்கினார். இதற்கு வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஆயிலே குழாய் வழியாக வந்து முள்ளைத் தள்ளும். இன்ஜின் சூடேறும்வரை இருவரும் அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சூடு ஏறாமல் பார்க்கும் பிரஷர் கணக்கில் சேராது என்பார் அவர்.

ஐடிலில் 0.8. 1,500 சுற்றில் 2.2. “முள்ளு கொஞ்சம் பொய். நோவு நெசம்.”

ஜூன் 8

ஃபில்டரைக் கழற்றி வாள் பிளேடால் அறுத்தேன். உள்ளே இருக்கும் மடிப்புத்தாளைப் பிழிந்து, வெயிலில் நியூஸ் பேப்பர்மேல் விரித்துப் பார்த்தேன். செம்பு மினுக்கம் பெரிதாக இல்லை. ஆனால் மூன்று மடிப்பு தள்ளிச் சிவப்பாக ஏதோ. நகத்தால் நெருடினால் ரப்பர் போல நசுங்குகிறது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மே மாதம் டைமிங் கவரைப் பூட்டும்போது நான் தடவிய கேஸ்கெட் பேஸ்ட். ஒழுகவே கூடாது என்று தாராளமாகத் தடவினேன். வெளியே பிதுங்கியதைத் துடைத்தேன். உள்ளே பிதுங்கியது ஆயிலில் விழுந்திருக்கிறது. இரவெல்லாம் அதே நினைப்பு.

ஜூன் 9

ரிலீஃப் வால்வைத் திறந்தோம். பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திரும்ப அடியிலுள்ள ஆயில் சேம்பருக்கே விடுகிற வால்வு அது. சீட்டில் குருணை அளவில் ஒரு சிவப்புத் துணுக்கு. வால்வு முழுசாக மூடாமல், பிரஷர் எந்நேரமும் அந்த வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. டீசலில் கழுவி, ஸ்பிரிங்கைப் புதியதோடு வைத்து அளந்து, மறுபடி பூட்டினோம்.

ஐடிலில் 1.0, 1,500 சுற்றில் 2.9. “போதும், ஓடும்” என்றார் மேஸ்திரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. துணுக்கு இங்கே வந்திருந்தால், பம்ப் ஆயில் உறிஞ்சும் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னரில் எவ்வளவு அப்பியிருக்கும்?

ஜூன் 11

இரண்டு நாள் வேலை. சேம்பருக்கும் படகின் அடிப்பலகைக்கும் நடுவே கை நுழையத்தான் இடம். ஷாஃப்டைப் பிரித்து, செயின் பிளாக் போட்டு, இன்ஜினையே தூக்கவேண்டியிருந்தது. சேம்பரை இறக்கினால் ஸ்ட்ரெய்னர் வலையில் பாதியைச் சிவப்புத் தோல் மூடியிருந்தது. பம்ப் தாகத்தோடு உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

கையோடு பிக் எண்டு பேரிங்குகளையும் கழற்றிப் பார்த்தோம். ஐந்து மங்கிய சாம்பல் நிறத்தில் நன்றாகவே இருந்தன. மூன்றாவதில் மட்டும் ஓரமாக ஒரு நகக்கண் அகலம் செம்பு தெரிந்தது. மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். இதைக் கெட்டி ஆயில் மூடி மறைத்திருக்கும். கிராங்கில் கீறல் இல்லை, மைக்ரோமீட்டரில் அளவும் சரி. ஆறையும் புதிதாக மாற்றினோம்.

ஜூன் 13

நேற்று முழுக்க ஷாஃப்ட் நேர்பார்க்கவே போய்விட்டது. இன்று புது ஆயில், புது ஃபில்டர், புது சென்டர். ஒரு மணி நேரம் ஓடி நன்றாகச் சூடேறியபின் ஐடிலில் 1.3, 1,500 சுற்றில் 3.7. பேனல் முள்ளும் மேஸ்திரியின் கேஜும் ஒன்றையே காட்டின.

மேல்தட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த மருமகனைக் கூப்பிட்டுக் கதவில் எழுதச் சொன்னேன். “ஐடில் 1.3” என்று எழுதிவிட்டுக் கையைத் துடைத்தான்.

“முன்னால ‘சூட்டில்’னு சேருடா.”

எண்ணுக்கு முன்னால் இடம் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினான்.